வெப்பமான பகுதி வீட்டுத் தோட்டத்துக்குப் பெக்கன் ரகம் தேர்ந்தெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேள்வி: பெக்கன் எப்படிப்பட்ட மரம்? வீட்டுத் தோட்டத்தில் வைக்கலாமா?

வைக்கலாம், இடம் இருந்தால். பெக்கன், உண்ணும் கொட்டைக்காக வளர்க்கப்படும் மரம்; வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. மிசிசிப்பி ஆற்றுப் படுகையிலும், டெக்ஸாஸின் ஆற்றோரங்களிலும், மெக்ஸிகோவின் வடபகுதியிலும் ஆழமான வண்டல் மண்ணில் தானாக வளர்ந்த மரம் இது. வால்நட்டுக்கு உறவுள்ள இனம். ஆற்றோரத்தில் பிறந்த மரம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் அதன் தேவைகளில் பாதி தானாகவே புரிந்துவிடும்: ஆழமான மண் வேண்டும், கோடையில் தொடர்ந்து தண்ணீர் வேண்டும், ஆனால் வேரடியில் நீர் தேங்கி நிற்கக் கூடாது.

முழுதாக வளர்ந்த மரம் 20 முதல் 30 மீட்டர் உயரம் போகும்; கிளைப்பரப்பும் அகலமாக விரியும். நூறாண்டுகளைக் கடந்தும் காய்க்கும். அதனால் ரகத்தைத் தேர்ந்தெடுப்பது ஒரு பருவத்துக்கான முடிவு அல்ல. கத்தரியில் தவறான ரகத்தை விதைத்தால் அடுத்த பருவத்தில் மாற்றிக்கொள்ளலாம். பெக்கனில் தவறு செய்தது தெரியவரவே எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகிவிடும். இந்தப் பக்கம் முழுவதும் ரகத்தைப் பற்றி இவ்வளவு வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: எங்கள் பகுதியில் குளிர்காலம் மிகவும் மிதமானது. பெக்கன் காய்க்குமா?

குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும் மரம் பெக்கன். அந்த உறக்கம் ஒழுங்காகக் கலைவதற்கு, ரகத்தைப் பொறுத்துச் சில நூறு மணி நேரமாவது 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழான குளிர் கிடைக்க வேண்டும். ஆப்பிள், செர்ரி போன்ற மரங்களோடு ஒப்பிட்டால் இது குறைவான தேவைதான். அதனால்தான் வெப்பமான பகுதிகளிலும் பெக்கன் நன்றாக வருகிறது. குளிர் போதாமல் போனால் மொட்டுகள் ஒரே சமயத்தில் விரியாமல், ஒரு கிளை தளிர்த்து வாரக்கணக்கில் கழிந்த பிறகே அடுத்த கிளை தளிர்க்கும், ஆண்பூவும் பெண்பூவும் காலம் தவறி மலரும், காய்ப்பு சரியும்.

குளிர்காலமே இல்லாத, ஆண்டு முழுவதும் வெப்பமாகவே இருக்கும் இடத்தில் மரம் உயிரோடு இருக்கும், நிழலும் தரும்; கொட்டையை எதிர்பார்த்து அதை நட வேண்டாம் என்றே சொல்வேன். மிதமான குளிரும், நீண்ட வெப்பமான கோடையும், சூடான இரவுகளும் உள்ள இடம்தான் பெக்கனுக்குப் பொருந்திய இடம்.

கேள்வி: ரகம் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

சொறி நோயைத் தாங்கும் திறனை. கொட்டையின் அளவு, ஓட்டின் மென்மை, பருப்பின் சுவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சொறி நோய் ஒரு பூஞ்சாணத்தால் வருவது. மழையிலும் பனியிலும் இலைகள் மணிக்கணக்கில் ஈரமாக இருக்கும்போது இளந்தளிர்களிலும், கொட்டையை மூடியிருக்கும் பச்சை மேலுறையிலும் அது தொற்றுகிறது. தொடக்கத்தில் மேலுறையில் குண்டூசி முனை அளவில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். விரலால் தடவினால் சற்றுப் பள்ளமாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். சில வாரங்களில் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று கூடி மேலுறை முழுவதும் கரிபோல் ஆகிவிடும். இளமையிலேயே தாக்கப்பட்ட காய்கள் உதிரும். தாமதமாகத் தாக்கப்பட்டவை மரத்திலேயே ஒட்டிக்கொண்டு, உள்ளே பருப்பு பிடிக்காமல் பொக்காகிவிடும்.

வணிகத் தோட்டக்காரர்கள் இதைச் சமாளிக்கிறார்கள். அவர்களிடம் மர உச்சி வரை மருந்தைப் பீய்ச்சும் பெரிய இயந்திரத் தெளிப்பான்கள் உண்டு. ஈரமான பருவத்தில் பல சுற்றுகள் தெளிப்பார்கள். வீட்டுக்காரர் தோளில் மாட்டும் தெளிப்பானை வைத்துக்கொண்டு இருபது மீட்டர் மரத்துக்கு மருந்தடிக்க முடியாது. முடிந்தாலும் குடியிருக்கும் வீட்டின் மேலும் அண்டை வீட்டின் மேலும் அந்த மருந்து வந்து விழும். ஆகவே நோயைத் தாங்கும் திறன் வீட்டு மரத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும். கடையிலும் பட்டியலிலும் அதிகமாகப் பேசப்படும் ரகங்கள் பெரும்பாலும் வணிகத் தோட்டத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. தெளிப்பான் இருக்கிறது என்ற அனுமானத்திலேயே அவற்றின் புகழ் நிற்கிறது. அந்தப் புகழை நம்பி வாங்கி, ஆண்டுதோறும் கறுத்த காய்களைக் கூட்டி அள்ளுகிறவர்களைக் காணும்போது உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: நோய் எதிர்ப்புள்ளது என்று சொல்லி விற்கும் ரகம் எப்போதும் அப்படியே இருக்குமா?

இருக்காது. இந்தப் பூஞ்சாணம் ரகத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளக் கூடியது. ஒரு ரகம் ஒரு வட்டாரத்தில் பரவலாக நடப்பட்டால், அதைத் தாக்கக் கூடிய வகை பூஞ்சாணத்துக்குள் மெல்ல மெல்லப் பெருகும். டிசையரபிள் என்ற ரகம் நல்ல எடுத்துக்காட்டு. மிசிசிப்பி மாநிலத்தின் ஓஷன் ஸ்பிரிங்ஸ் ஊரில் கார்ல் ஃபோர்க்கர்ட் என்பவர் 1900களின் தொடக்கத்தில் உருவாக்கிய ரகம் அது. ஒரு காலத்தில் சொறி நோயைத் தாங்கக் கூடியது என்று நம்பப்பட்டது. தென்கிழக்கு அமெரிக்காவில் பெருமளவில் நடப்பட்ட பிறகு, இன்று அங்கே மிகுதியாக மருந்து தெளித்தே காப்பாற்ற வேண்டிய ரகங்களில் ஒன்றாக அது இருக்கிறது.

இதிலிருந்து வீட்டுத் தோட்டக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. பழைய நூலில் உள்ள எதிர்ப்புத் திறன் அட்டவணையை அப்படியே நம்பாமல், இப்போது தம் வட்டாரத்தில் அந்த ரகம் எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். இரண்டு மரம் நட இடமிருந்தால் இரண்டும் வெவ்வேறு ரகமாக இருக்க வேண்டும்.

கேள்வி: மழையும் ஈரப்பதமும் மிகுந்த வெப்பப் பகுதிக்கு எந்த ரகங்கள் பொருத்தம்?

என் முதல் பரிந்துரை எலியட். ஃபுளோரிடா மாநிலத்தின் மில்டன் ஊரில் ஒரு புல்வெளியில் நின்ற நாற்றுமரத்திலிருந்து வந்த ரகம் இது. கொட்டை சிறியது, கிலோவுக்கு ஏறக்குறைய 170 கொட்டைகள் நிற்கும். உருண்டு, ஒரு முனை மட்டும் கூர்ந்து, நீர்த்துளி போல் இருக்கும். அளவைப் பார்த்து ஒதுக்குகிறவர்கள் ஒரு கொட்டையை உடைத்துப் பார்க்க வேண்டும்: ஓடு முழுவதையும் நிறைத்துக்கொண்டு, வெளிர் பொன்னிறத்தில், கொழுத்த பருப்பு இருக்கும். சொறி நோயைத் தாங்குவதில் நீண்டகாலமாக நம்பிக்கைக்குரியது. குறை ஒன்று உண்டு. வசந்தத்தில் சீக்கிரமே தளிர்த்துவிடுவதால், குளிர்காலம் போய்விட்டது என்று எண்ணும் வேளையில் திரும்பி வரும் உறைபனி அதன் தளிரையும் பூவையும் கருக்கிவிடும். பிற்கால உறைபனி வழக்கமாக உள்ள பகுதியில் இதைத் தவிர்ப்பதே நல்லது.

லகோட்டா, கான்ஸா ஆகிய இரண்டும் அமெரிக்க வேளாண்மைத் துறையின் இனப்பெருக்கத் திட்டத்தில் உருவானவை. டெக்ஸாஸின் பிரவுன்வுட்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் ரகங்களுக்கு அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் பெயர்களைச் சூட்டுவது வழக்கம். பானி, சயென், விச்சிட்டா, சோக்டா, கேடோ என்ற பெயர்களும் அப்படி வந்தவையே. கான்ஸா 1996இலும் லகோட்டா 2007இலும் வெளியிடப்பட்டன. இரண்டும் சொறி நோயைச் சிறப்பாகத் தாங்குகின்றன. இரண்டும் சீக்கிரம் முதிர்கின்றன. கான்ஸாவின் கொட்டை பெரிதல்ல; பருப்பு நேர்த்தியாகப் பிரிந்து வரும்.

எக்ஸெல், மெக்மில்லன், ஆம்லிங், கேஃபர்ட் ஆகியவையும் குறைந்த பராமரிப்பில் தாக்குப்பிடிப்பதற்காகவே தென்கிழக்கு அமெரிக்காவில் வீட்டுக்காரர்களுக்குச் சொல்லப்படும் ரகங்கள். இவற்றில் பல, கவனிப்பாரின்றி நின்ற பழைய மரங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. மருந்தே காணாமல் ஆண்டாண்டாகக் காய்த்த மரத்தின் வாரிசு என்பதைவிட வீட்டுத் தோட்டத்துக்கு நல்ல சான்று வேறு இல்லை.

கேள்வி: மழை குறைந்த, வறண்ட வெப்பப் பகுதிக்கு?

அங்கே சொறி நோய் பெரிய கவலையே இல்லை, ஆகவே தேர்வு முற்றிலும் மாறுகிறது. நெடுங்காலமாக நிலைத்த இணை வெஸ்டர்னும் விச்சிட்டாவும். வெஸ்டர்ன், டெக்ஸாஸின் சான் சாபாவில் ஈ. ஈ. ரைசியன் வளர்த்த நாற்றுகளிலிருந்து வந்தது. மண்ணும் நீரும் சற்றுக் குறைவாக அமைந்தாலும் பொறுத்துக்கொண்டு காய்க்கும். விச்சிட்டா, ஹால்பர்ட்டையும் மாஹனையும் கலந்து உருவாக்கப்பட்டு 1959இல் வெளிவந்தது. மெல்லிய ஓடு, நிறைந்த பருப்பு, இளமையிலேயே காய்ப்பு என எல்லாம் உண்டு. ஆனால் அது கேட்கும் கவனிப்பும் அதிகம்: துத்தநாகம் குறைந்தாலும் தண்ணீர் தவறினாலும் உடனே காட்டிவிடும், கிளைகள் குறுகிய கோணத்தில் எழுவதால் இளமையிலேயே கவாத்துச் செய்து வடிவமைக்காவிட்டால் காய்ப்பாரத்தில் பிளக்கும். டெக்ஸாஸின் மேற்குப் பகுதியிலும் மெக்ஸிகோவின் சிவாவா மாநிலத்திலும் விரிந்து கிடக்கும் பெக்கன் தோப்புகளில் பெருமளவு இந்த இரண்டு ரகங்களே நிற்கின்றன.

இடம் சிறியதாக இருந்தால் பானியையும் சயெனையும் எண்ணிப்பார்க்கலாம். பானி 1984இல் வெளியிடப்பட்டது. பெரிய கொட்டை, மிகச் சீக்கிரமான முதிர்ச்சி. சயென் மரம் மற்றவற்றைவிடச் சிறிதாக நிற்கும், ஆனால் அசுவினி (இலைச் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி) அதை விரும்பித் தாக்கும். இந்த நான்கில் எதையும் ஈரமான பகுதியில் மருந்து தெளிக்காமல் வைத்துக்கொள்ள முடியாது.

கேள்வி: பெரிய கொட்டை தரும் ரகமே வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். என்ன செய்வது?

ஒரு பெக்கன் கொட்டை வளரும் முறையைச் சொன்னால் அவர்களே மனம் மாறக்கூடும். முதல் பாதிப் பருவத்தில் கொட்டையின் அளவு மட்டும் உருவாகிறது. அப்போது குறுக்கே வெட்டினால் உள்ளே தண்ணீர்தான் இருக்கும். அந்த நீர் பிறகு கூழாகி, பருவத்தின் கடைசி வாரங்களிலேயே பருப்பாகத் திரள்கிறது. அந்தக் கடைசி வாரங்களில் மரம் தன்னிடமுள்ள மாவுச்சத்தையும் எண்ணெயையும் கொட்டைக்குள் நிரப்ப வேண்டும். பருப்பில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு எண்ணெய்; அதை உண்டாக்க மரத்துக்கு ஆகும் செலவு பெரிது. பாத்திரம் பெரிதாக இருந்து ஊற்றுவதற்குப் போதாவிட்டால் பாத்திரம் அரைகுறையாகத்தான் நிற்கும்.

மாஹன் என்ற ரகத்தின் கதை அதுதான். நீண்டு பெரிதாக, படத்தில் பார்க்கவே ஆசை மூட்டும் கொட்டை. இளமரத்தில் ஓரளவு நிறையும். மரம் வளர்ந்து காய்ப்பு மிகுந்த பிறகு, அந்தப் பெரிய ஓட்டை உடைத்தால் சுருங்கிய, நார்போன்ற பருப்பு வாடிக்கிடக்கும். ஒரு தட்டில் உடைத்த மாஹனையும் இன்னொரு தட்டில் உடைத்த எலியட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் பிறகு அளவைப் பற்றிப் பேசமாட்டார். வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, கொட்டை எவ்வளவு பெரிது என்பது அல்ல. மொத்த எடையில் பருப்பு எத்தனை சதவீதம், வயதான மரத்திலும் அது நிலைக்கிறதா என்பதே. 50 சதவீதத்துக்கு மேல் பருப்பு உள்ள ரகம் வீட்டுக்கு நல்ல ரகம்.

கேள்வி: ஒரே மரம் வைத்தால் காய்க்குமா? இரண்டு மரம் கட்டாயமா?

ஒரே மரத்தில் ஆண்பூவும் பெண்பூவும் இருந்தும் பெக்கன் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதில்லை, ஏனெனில் அவை இரண்டும் ஒரே சமயத்தில் பக்குவமாவதில்லை. இந்த அடிப்படையில் ரகங்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். முதல் வகையில் மகரந்தம் முன்னால் உதிரும், பெண்பூ பின்னால் தயாராகும். இரண்டாம் வகையில் பெண்பூ முன்னால் தயாராகும், மகரந்தம் பின்னால் வரும். முதல் வகை மரம் ஒன்றும் இரண்டாம் வகை மரம் ஒன்றும் அருகருகே நின்றால், ஒன்றின் மகரந்தம் மற்றதன் பெண்பூவுக்குச் சரியான வேளையில் போய்ச் சேரும்.

இதை நேரில் பார்ப்பது எளிது. வசந்தத்தில், சென்ற ஆண்டுக் கிளையிலிருந்து மும்மூன்றாகப் பச்சைக் கயிறுகள் தொங்கும், அவை ஆண்பூக்கதிர்கள். பக்குவமானதும் அதன் கீழ் உள்ளங்கையை வைத்துத் தட்டினால் மஞ்சள் தூள் கையில் படியும். பெண்பூவைத் தேடிப் பார்க்க வேண்டும்: இந்த ஆண்டின் புதுத்தளிர் முடியும் நுனியில், நெல்மணியைவிடச் சற்றுப் பெரிய பச்சைக் குடுவைகள் சில கூட்டமாக நிற்கும், ஒவ்வொன்றின் தலையிலும் மடிப்பு மடிப்பான சூல்முடி. அது பளபளவென்று ஈரப்பசையோடு இருக்கும் சில நாள்களே மகரந்தத்தை ஏற்கும். பழுப்பேறிக் காய்ந்துவிட்டால் காலம் முடிந்தது. தங்கள் மரத்தில் கயிறு தூள் கொட்டும் நாளையும் சூல்முடி பளபளக்கும் நாளையும் ஓர் ஆண்டு குறித்து வைத்தால், அது எந்த வகை என்று தாங்களே அறிந்துகொள்ளலாம்.

இங்கே சொன்ன ரகங்களில் வெஸ்டர்ன், பானி, சயென், டிசையரபிள், கேடோ, ஆம்லிங், கேஃபர்ட் முதல் வகை. எலியட், கான்ஸா, லகோட்டா, எக்ஸெல், மெக்மில்லன், விச்சிட்டா, சோக்டா, மாஹன் இரண்டாம் வகை. ஈரமான பகுதியில் எலியட்டுக்கு ஆம்லிங் அல்லது கேஃபர்ட்டைத் துணையாக வைக்கலாம். வறண்ட பகுதியில் விச்சிட்டாவுக்கு வெஸ்டர்ன். எலியட்டும் கான்ஸாவும் சேர்த்து நட்டால், இரண்டும் நல்ல ரகங்கள் என்றாலும், ஒன்றுக்கொன்று உதவாது. இந்தத் தவறு மிகவும் சாதாரணமாக நடக்கிறது, ஏனென்றால் நல்ல ரகங்களில் இரண்டாம் வகையே அதிகம்.

கேள்வி: பக்கத்து வீட்டில் ஒரு பெக்கன் மரம் இருக்கிறது. அது போதாதா?

போதலாம். மகரந்தத்தைக் கொண்டுபோவது காற்று, தேனீ அல்ல. சுமார் 60 மீட்டருக்குள் வேறு வகை மரம் இருந்தால் நல்ல நம்பிக்கையோடு ஒரே மரம் நடலாம். தொலைவு கூடக்கூட மகரந்தம் நீர்த்துப்போகும். பெக்கன் நிறைந்த வட்டாரமாக இருந்தால் இந்தக் கவலையே தேவையில்லை. துணை மரம் இளையதாக இருந்தால் மட்டும் பொறுமை வேண்டும். இளமரங்கள் முதல் சில ஆண்டுகளில் பெண்பூவைத் தந்தாலும் மகரந்தக் கதிர்களைக் கொஞ்சமாகவே தரும்.

கேள்வி: நல்ல கொட்டையை விதைத்து வளர்த்தால் அதே ரகம் கிடைக்குமா?

கிடைக்காது. காற்றில் வந்த எந்த மரத்தின் மகரந்தமும் அந்தக் கொட்டைக்குத் தந்தையாக இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு நாற்றும் புதிய மரம். அது தாயைவிட மோசமாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி, காய்க்கவும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். ஒட்டுக்கன்று, அதாவது நல்ல ரகத்தின் குச்சியை வேறொரு நாற்றின் (அடிக்கன்றின்) மேல் ஒட்டி வளர்த்த கன்று, ஐந்து முதல் எட்டு ஆண்டுகளில் காய் காட்டத் தொடங்கும்.

பெக்கனில் பெயரிட்ட ரகங்கள் என்ற ஒன்று உண்டானதே ஒட்டுக்கட்டுதலால்தான். லூசியானாவின் ஓக் ஆலி தோட்டத்தில் அடிமையாக வைக்கப்பட்டிருந்த அந்துவான் என்ற தோட்டக்காரர், 1840களின் பிற்பகுதியில், சிறந்த ஒரு பெக்கன் மரத்தின் குச்சிகளை வேறு மரங்களில் ஒட்டுக்கட்டி வென்றார். அந்த மரங்களின் கொட்டை 1876இல் பிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் பரிசு பெற்று, சென்டென்னியல் என்ற பெயரைப் பெற்றது. அந்துவானின் முழுப்பெயர்கூட ஏடுகளில் இல்லை. இன்று உலகில் நடப்படும் ஒவ்வொரு ஒட்டுப் பெக்கனும் அவர் கைவேலையின் தொடர்ச்சி என்பதைத் தோட்டக்காரர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கேள்வி: கன்று வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஒட்டுக்கட்டிய இடம் தெரிய வேண்டும். அடித்தண்டில் சிறு வளைவோ, பட்டையின் நிறமாற்றமோ இருக்கும். அதற்குக் கீழே கிளைக்கும் தளிர்கள் அடிக்கன்றுக்கு உரியவை. அவற்றைக் கிள்ளிவிட வேண்டும். உயரமான கன்றைவிட வேர் நன்றாக உள்ள கன்றே மேல். மண்ணின்றி வெறும் வேரோடு விற்கப்படும் கன்று என்றால், ஆணிவேர் நீளமாகவும், உள்ளே ஈரமாகவும் இருக்க வேண்டும். நகத்தால் கீறினால் வெண்மையாகத் தெரிய வேண்டும். தொட்டியில் நெடுங்காலம் இருந்த கன்றின் ஆணிவேர் அடியில் சுருண்டிருந்தால், நடும்போது அந்தச் சுருளை வெட்டிவிடுவது அவசியம்.

இலையுதிர்ந்த உறக்க காலத்தில் நடுவது நல்லது. வாங்கியது முதல் நடும் வரை வேர் ஒரு நிமிடமும் வெயிலில் காயக் கூடாது. வேர் மடங்காத அளவுக்கு ஆழமான குழி எடுத்து, எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் காற்றுப் பைகளை நீக்க வேண்டும். குழியில் உரம் வேண்டாம். நட்டதும் தண்டின் மேல்பகுதியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் வெட்டிவிடுங்கள். பலருக்கு இதற்கு மனம் வருவதில்லை. தோண்டி எடுக்கும்போதே பாதிக்கும் மேற்பட்ட வேரை இழந்த கன்று அது. மிஞ்சிய வேர் எவ்வளவு இலையைத் தாங்குமோ அவ்வளவு மட்டுமே மேலே இருக்க வேண்டும்.

கேள்வி: எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

மரத்துக்கு மரம் குறைந்தது 12 மீட்டர், முடிந்தால் 15 முதல் 18 மீட்டர். வீட்டுச் சுவர், மின்கம்பி, கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றிலிருந்து 10 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நடவும். நிழலில் பெக்கன் காய்க்காது.

கேள்வி: இலைகள் சிறுத்து, கிளை நுனிகள் காய்ந்து போகின்றன. இது நோயா?

பெரும்பாலும் துத்தநாகக் குறை. புதுத்தளிரில் கணுக்கள் நெருங்கி, குறுகிய சிற்றிலைகள் நுனியில் பூச்செண்டு போல் கொத்தாக நிற்கும்; இலையின் நரம்புகளுக்கு இடையே வெளுத்திருக்கும்; பிறகு கிளை நுனியிலிருந்து காய்ந்து வரும். மண்ணின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 6 முதல் 6.5 வரை இருக்கும் இடத்தில், மண்ணிலிடும் துத்தநாகத்தை வேர் எடுத்துக்கொள்ளும். 7க்கு மேலான சுண்ணாம்பு மண்ணில் எவ்வளவு இட்டாலும் மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே இலைவழியாகவே கொடுக்க வேண்டும். லிட்டருக்குச் சுமார் 2 கிராம் ஜிங்க் சல்பேட் கரைத்து, மொட்டு விரியத் தொடங்கியது முதல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இலைகள் விரிந்து முடியும் வரை தெளிக்கலாம். துத்தநாகம் இலைக்குள் அதிகம் நகராது என்பதால் ஒவ்வொரு புதுத்தளிருக்கும் தனியாகப் படவேண்டும். அருகில் பீச், பிளம் மரங்கள் இருந்தால் அவற்றின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இலை கருகிவிடும்.

சுண்ணாம்பு மண் என்று முன்பே தெரிந்தால், விச்சிட்டாவைவிட வெஸ்டர்னை முதல் மரமாக வைப்பதே விவேகம்.

கேள்வி: தண்ணீர் எவ்வளவு?

நட்ட முதல் இரண்டு மூன்று ஆண்டுகள், மழையில்லாத வாரங்களில் கன்றுக்கு 40 முதல் 60 லிட்டர். தண்டைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்காவது புல்லை அகற்றி, சருகு போன்றவற்றால் மூடாக்கு இட வேண்டும்; புல் கன்றின் தண்ணீரையும் உரத்தையும் எடுத்துக்கொண்டு அதைக் குட்டையாக்கிவிடும். வளர்ந்த மரம் கடுங்கோடையில் நாளொன்றுக்குப் பல நூறு லிட்டர் குடிக்கும். பருப்பு திரளும் கடைசி வாரங்களில் தண்ணீர் தவறினால் பொக்கு. மேலுறை பிளக்கும் வேளையில் தவறினால் மேலுறை கொட்டையோடு ஒட்டிக்கொண்டு விடாது.

கேள்வி: மரத்திலேயே கொட்டை முளைத்துவிடுகிறது. ஏன்?

இது வெப்பமான பகுதிக்கே உரிய தொல்லை. கொட்டை முதிர்ந்த பிறகும் வானிலை சூடாகவே இருந்து, ஈரமான மேலுறைக்குள் கொட்டை தங்கிவிட்டால், அது விதைதானே, முளைக்கத் தொடங்கிவிடும். பருப்பின் நுனி கறுத்துக் கசக்கும். விச்சிட்டாவிலும் சயெனிலும் இது மிகுதியாகக் காணப்படுகிறது. இலையுதிர்காலம் தாமதமாகக் குளிரும் இடத்தில் ரகம் தேர்ந்தெடுக்கும்போது இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஏற்கெனவே மரம் இருந்தால், மேலுறை நான்காகப் பிளந்தவுடன் காத்திருக்காமல் கிளையைத் தட்டி உதிர்த்து, நிழலில் பரப்பிக் காற்றாட உலர்த்துவதே வழி.

கேள்வி: ஓர் ஆண்டு கொட்டிக் காய்க்கிறது, அடுத்த ஆண்டு வெறுமையாக நிற்கிறது. ரகத்தின் குற்றமா?

எல்லாப் பெக்கனுக்கும் ஓரளவு இந்த இயல்பு உண்டு. அதிகமாகக் காய்க்கும் ரகங்களில் கூடுதல். நிறைந்த காய்ப்பு மரத்தின் சேமிப்பைத் தீர்த்துவிடுவதால் அடுத்த ஆண்டு பெண்பூ உருவாகாது. இலைகள் பருவத்தின் கடைசி வரை பச்சையாக நின்றால் சேமிப்பு மீளும். அதனால் இலையைக் காப்பாற்றுவது அடுத்த ஆண்டின் காய்ப்பைக் காப்பாற்றுவதாகும். சொறி நோயும் கறுப்பு அசுவினியும் இலையை முன்கூட்டியே உதிர்ப்பதால்தான் அவற்றின் சேதம் இரண்டு ஆண்டுகளுக்கு நீள்கிறது. அசுவினிக்கு அவசரப்பட்டு மருந்தடிக்க வேண்டாம். மருந்து அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகளையும் சேர்த்துக் கொல்லும், அதன் பிறகு அசுவினி முன்னைவிடப் பெருகும்.

கேள்வி: நோய்க்கு எளிதில் இரையாகும் ரகம் ஏற்கெனவே வளர்ந்து நிற்கிறது. வெட்டிவிடலாமா?

வெட்டாதீர்கள். முதலில் தோட்டச் சுகாதாரத்தைப் பாருங்கள். பூஞ்சாணம் குளிர்காலத்தைக் கழிப்பது மரத்தில் ஒட்டி நிற்கும் பழைய மேலுறைகளிலும் சிறுகிளைகளிலும்தான். எட்டும் உயரத்தில் உள்ளவற்றை உறக்க காலத்தில் தட்டி, தரையில் விழுந்தவற்றோடு கூட்டி அகற்றுங்கள். தாழ்ந்த கிளைகளை நீக்கினால் காற்றோட்டம் கூடி, காலைப் பனி விரைவில் காயும். இலை ஈரமாக இருக்கும் நேரம் குறைந்தாலே தொற்று குறையும்.

அதற்கும் அடங்காவிட்டால், மரம் இன்னும் இளமையாக, தண்டு கைப்பருமனுக்குள் இருந்தால், ரகத்தையே மாற்றிவிடலாம். நல்ல ரகத்தின் ஒட்டுக்குச்சிகளை உறக்க காலத்தில் வெட்டி, ஈரமான பொதியில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்து, வசந்தத்தில் பட்டை எளிதாக உரியும் பருவத்தில், தண்டை வெட்டிப் பட்டைக்கு அடியில் செருகிக் கட்ட வேண்டும். வேர் ஏற்கெனவே ஆழமாகப் போயிருப்பதால் ஒட்டுக்குச்சி வியக்கத்தக்க வேகத்தில் வளரும். முதல் கோடையிலேயே காற்றில் ஒடியாதபடி அதற்குக் கொம்பு நட்டுக் கட்டிவைக்க வேண்டியிருக்கும். புதுக்கன்று நட்டுக் காத்திருப்பதைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே அந்தக் கிளையில் காய் பார்க்கலாம். ஒட்டுக்குக் கீழே ஓரிரு பழைய கிளைகளை முதல் ஆண்டு விட்டுவைத்து, ஒட்டு நன்றாகப் பிடித்ததும் படிப்படியாக நீக்குங்கள்.